வலை கற்கும் பிள்ளைகள்

வலை என்னும் சொல் நம் புத்தளக் கரையோரத்தாருக்குப் புதியதன்று. கற்பிட்டி தொடக்கம் உடப்பு, சிலாபம் ஈறாக, வலையைப் பின்னியும், கிழிந்த இடத்தைப் பொத்தியும், கடலில் இறக்கியும் வாழ்ந்த தலைமுறைகள் பல. அதே சொல்லை இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் வேறொரு பொருளில் வழங்குகின்றனர். உலகெங்குமுள்ள கணினிகளை இணைத்து நிற்கும் இணையத்தின்மீது, பக்கத்தோடு பக்கம் தொடுத்து விரிக்கப்பட்டிருக்கும் பெருவலையே அவர்கள் குறிக்கும் வலை. அதன் கண்களைப் பின்னும் தொழிலைப் பல்கலைக்கழகங்கள் இன்று ஒரு பாடமாக வகுத்துக் கற்பிக்கின்றன.

"மகள் வெப் புறோகிராமிங் படிக்கப் போகிறாளாம், மாஸ்டர். அது என்ன படிப்பு? வீட்டிலிருந்தே படிக்கலாம் என்கிறாளே, மெய்தானா? கணினியே எல்லாவற்றையும் எழுதித் தருகிறதாமே, பிறகு எதற்காகப் படிக்க வேண்டும்?" இத்தகைய கேள்விகளைப் பெற்றோர் அடிக்கடி கேட்கின்றனர். நியாயமான கேள்விகளே இவை. பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டுகளும், குடும்பத்தின் சேமிப்பும் இவற்றின் விடையைப் பொறுத்தன அல்லவா? ஆதலின் இவ்வாரம் அப்பாடத்தைப் பற்றியே சிறிது விரிவாகப் பேசுவோம்.

முதலாவது, வீட்டிலிருந்து படிக்கலாம் என்பது மெய்யே. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தகவல் தொழினுட்ப இளமாணி என்னும் வெளிவாரிப் பட்டத்தைத் தொடக்கி வைத்தது. 2002இல் அமைந்த அப்பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி அதனை நடத்தி வருகின்றது. அக்கல்லூரியின் முதற் பணிப்பாளராக விளங்கியவர், இந்நாட்டுக் கணினிக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க. அவர் 2007இல் மறைந்தார். வெளிவாரி மாணவர் பல்கலைக்கழகத்திற் பதிவு செய்துகொண்டு, தாமாகவோ தனியார் வகுப்புகளின் துணையுடனோ கற்கலாம். பரீட்சையை நடத்துவதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகமே. முதலாண்டை முடித்தோர் டிப்ளோமாவும், இரண்டாம் ஆண்டை முடித்தோர் உயர் டிப்ளோமாவும், மூன்றாம் ஆண்டையும் முடித்தோர் பட்டமும் பெறும் வண்ணம் அது ஏணிப்படி போல அமைக்கப்பட்டுள்ளது. வலைப் பிரயோக உருவாக்கம் அதன் பாடங்களுள் ஒன்று; இரு படிகளாக அது கற்பிக்கப்படுகின்றது.

புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்தோ இன்னும் தூரம். மகளைத் தூரத்து விடுதிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும், பகலில் இறால் பண்ணையிலோ கடையிலோ வேலை செய்யும் இளைஞரும் இக்கரையில் மிகப் பலர். 1990இல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களில், படிப்பு இடைநடுவே அறுந்து போனோர் எத்தனையோ பேர். இவர்கள் எல்லோருக்கும் வெளிவாரிப் படிப்பு ஒரு திறந்த கதவாகும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. திறந்த கதவின் வழியே நுழைந்தோர் யாவரும் மறுபக்கம் போய்ச் சேர்வதில்லை. வெளிவாரி மாணவருக்கு வரவு குறிப்போர் இல்லை. பாடம் எழுதாவிடின் கேட்போர் இல்லை. பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் கட்டியபின் நடுவழியில் நின்றுவிடுவதே இங்குள்ள பேராபத்து. அவ்வாறு நிற்பதற்குரிய காரணம் பெரும்பாலும் அறிவுக்குறைவு அன்று. பாடத்தின் தன்மையை முன்னரே அறியாமையே காரணம். அத்தன்மை யாது என்பதைப் பார்ப்போம்.

வலைப்பக்கம் ஒன்றை ஒரு வீட்டுக்கு ஒப்பிடலாம். சுவரும் கூரையும் வாசலும் ஒரு வேலை. வெள்ளையடித்தலும் வர்ணம் பூசுதலும் மற்றொரு வேலை. மின்விளக்கைப் பொருத்தி, ஆளியை அமுக்கியதும் எரியச் செய்தல் பிறிதொரு வேலை. வலைப்பக்கத்தின் கட்டமைப்பை எழுதுவது எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி. இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல், இது மற்றொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டுவதே அதன் தொழில். நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி ஆகிய அலங்காரங்களைச் சொல்வது சி.எஸ்.எஸ். பொத்தானை அமுக்கினால் யாது நிகழ வேண்டும் என்று கட்டளையிடுவது ஜாவாஸ்கிரிப்ட். இம்மூன்றும் வாசகரின் கணினியிலேயே இயங்குவன. இவற்றுக்கு அப்பால், தூரத்திலுள்ள சேவையகக் கணினியில் இயங்கி, தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுத்துத் தருவது பி.எச்.பி. போன்ற நிரல்மொழி. அறிமுகப் பாடத்தின் பரப்பு பெரும்பாலும் இவ்வளவே.

இவை தோன்றிய வரலாற்றை மாணவர் அறிந்திருத்தல் நன்று. சுவிற்சலாந்தில் ஜெனீவா நகரின் அருகேயுள்ள சேர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், 1989 மார்ச்சில் ஒரு திட்டத்தை எழுதித் தம் மேலதிகாரிகளிடம் அளித்தார். பல நாட்டு அறிஞரின் குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, எந்தக் கணினியிலிருந்தும் படிக்கச் செய்வதே அவர் நோக்கம். 1991இல் அது நிலையத்துக்கு வெளியேயும் பரவியது. 1993 ஏப்ரல் 30ஆந் திகதி, இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் நிலையம் அறிவித்தது. அன்று அதற்கொரு விலை வைத்திருப்பின், நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று செலவின்றி அதனைக் கற்றல் இயலாது போயிருக்கும். பி.எச்.பி. மொழியின் தொடக்கமோ இன்னும் எளியது. றஸ்மஸ் லேடோவ் என்பவர் தம்மைப் பற்றித் தாம் எழுதி வைத்த பக்கத்தை எத்தனை பேர் பார்க்கின்றனர் என அறிய 1994இல் எழுதிக்கொண்ட சிறு கருவிகளே பின்னர் அம்மொழியாக வளர்ந்தன. பெரியவை யாவும் சிறியனவாகவே தொடங்கின என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. மாணவர் இடறும் இடத்துக்கு வருவோம்.

எச்.ரி.எம்.எல். மிகப் பொறுமையுள்ள மொழி. தொடங்கிய குறியொன்றை முடிக்க மறந்தாலும், உலாவி என்னும் படிப்புக் கருவி அதனைத் தானே ஊகித்துத் திருத்திக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். பேரனின் எழுத்துப் பிழையைப் பொருட்படுத்தாது கடிதத்தை வாசித்து மகிழும் பாட்டனாரைப் போன்றது அது. இதனால் முதல் மாதத்தில் மாணவருக்குப் பாடம் மிக எளிதாகத் தோன்றும். நான்கு நாளில் அழகிய பக்கம் ஒன்று கண்முன் எழும்பிவிடும். வீட்டாரும் மெச்சுவர். இரண்டாம் மாதத்தில் நிரல்மொழி வந்ததும் நிலைமை தலைகீழாகும். பி.எச்.பி. நிரலில் ஒரேயொரு அரைப்புள்ளி விடுபட்டாலும் பக்கம் எழாது. பிழை அறிவித்தல் ஒன்றே எஞ்சும். பாட்டனார் இருந்த நாற்காலியில் பரீட்சகர் வந்து அமர்ந்துவிட்டார்! பலர் மனமுடைவது இவ்விடத்தேதான். 'எனக்கு இது வராது' என்று புத்தகத்தை மூடுகின்றனர். உண்மையில் அவர்கள் அறிவு குன்றவில்லை. பாடம் தன் இயல்பை மாற்றிக்கொண்டது. பெயர் சூட்டும் வேலை முடிந்து, கட்டளையிடும் வேலை தொடங்கியுள்ளது. அவ்வளவே.

கட்டளையிடும் வேலையின் நுட்பத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கற்பிட்டிக் கருவாட்டு வியாபாரி ஒருவருக்கு ஒரு பக்கம் அமைப்பதாகக் கொள்வோம். வாங்குவோர் கட்டாக் கருவாடு 2 கிலோ என்று ஒரு பெட்டியிலும், சாளைக் கருவாடு 3 கிலோ என்று மற்றொரு பெட்டியிலும் எழுதுகின்றனர். மொத்தம் எத்தனை கிலோ என்று காட்ட வேண்டும். மாணவர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இரு பெட்டிகளிலுள்ளவற்றை எடுத்து, இடையே கூட்டற்குறி இட்டு விடுகின்றார். விடை 5 என வருமென்று எதிர்பார்க்க, திரையில் 23 என வருகின்றது!

இயந்திரம் கணக்குத் தப்பிவிட்டதா? இல்லை. பெட்டியில் எழுதப்பட்டது எதுவாயினும் அதனை எழுத்தாகவே அம்மொழி கொள்ளும். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே கூட்டற்குறி வந்தால், ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை ஒட்டிவிடும். 2இன் பக்கத்தில் 3ஐ ஒட்டினால் 23 அன்றோ? முதலில் எழுத்தை எண்ணாக மாற்றுமாறு கட்டளையிட்ட பின்னரே கூட்டுதல் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிரண்டன் ஐக் என்பவரால் பத்தே நாளில் முதல் வடிவம் பெற்ற மொழியாகும். எழுத்தை ஒட்டவும் எண்ணைக் கூட்டவும் ஒரே குறி அதில் வழங்குகின்றது. இதனை மனனஞ் செய்த மாணவர் மறந்து போவர். 23 என்ற விடையைக் கண்டு திகைத்து, அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, காரணத்தைத் தாமே கண்டுபிடித்த மாணவர் ஆயுளுக்கும் மறவார். இப்பாடத்தை நூலிலிருந்து மட்டும் கற்றல் இயலாது, கையினாலும் கற்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுவே.

அதே கருவாட்டுப் பக்கத்தில் இன்னுமொரு பாடமும் உண்டு. வாங்குவோர் ஒருவர், விளையாட்டாகவோ வஞ்சகமாகவோ, 5 கிலோ என்பதற்கு முன்னே ஒரு கழித்தற்குறியை இட்டு விடுகின்றார் எனக் கொள்வோம். நிரல் அதனை அப்படியே விலையாற் பெருக்குமாயின், வியாபாரி கருவாட்டையும் கொடுத்துப் பணத்தையும் கொடுக்க வேண்டி வரும்! உலாவியிலேயே தடை வைத்தாற் போதாதா எனின், போதாது. உலாவியிலுள்ள தடையை வாசகர் தம் கணினியில் நீக்கிவிட இயலும். ஆகையால் சேவையகத்திலும் மறுபடி சோதித்தல் வேண்டும். பெயர் எழுதும் பெட்டியில் பெயருக்குப் பதிலாகத் தரவுத்தளக் கட்டளையின் துண்டொன்றை எழுதி, உள்ளிருக்கும் விவரங்களைக் கவர முயல்வோரும் உளர். கட்டளையை ஒருபுறமும், வாசகர் எழுதியதை வேறொருபுறமுமாகப் பிரித்து அனுப்புவதே இதற்கு மருந்து. வெளியிலிருந்து வருவது எதனையும் சோதியாது உள்ளே விடாதே என்பதே இப்பகுதியின் சாரம். கடைக்காரர் நூறு ரூபாத் தாளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பது போன்ற பழக்கமே இது. இதனை முதல் வகுப்பிலேயே பழகாதவர் பின்னர் பழகுவது அரிது.

இனி, வேறெவரினும் நமக்கே உரிய ஒரு விடயத்துக்கு வருகின்றேன். அது தமிழ் எழுத்து. இளைய வாசகர் அறியமாட்டார்; மூத்தோர் மறந்திரார். பாமினி என்னும் எழுத்துரு வழக்கிலிருந்த காலத்தில் தட்டச்சுச் செய்த கடிதமொன்றை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான ஓர் எண்ணை வழங்கிய யுனிகோடு முறை பரவிய பின்னரே இத்தொல்லை குறைந்தது. தமிழுக்குரிய இடம் 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் தொல்லை முற்றாக ஒழிந்துவிட்டதென்று எண்ணுதல் தவறு.

புத்தளம் என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது பு, த், த, ள, ம் என ஐந்தெழுத்து. கணினி எண்ணும்போதோ எட்டு வரும். ப ஒன்று, அதன் உகரக்குறி ஒன்று, த ஒன்று, அதன் புள்ளி ஒன்று, மறுபடி த, பின்னர் ள, ம, இறுதிப் புள்ளி என அது தனித்தனியே கணக்கிடுகின்றது. இதனை அறியாத ஒருவர், 'ஊர்ப்பெயர் ஏழு எழுத்துக்கு மேற்படலாகாது' என்று விதி வைத்து மிச்சத்தை வெட்டிவிடுவாராயின், புத்தளம் என்பது புள்ளியிழந்து 'புத்தளம' என நிற்கும். பிள்ளையின் பெயர் சான்றிதழில் இவ்வாறு சிதையுமாயின், அதன் துன்பத்தை அனுபவிப்பது யார்?

வரிசைப்படுத்தலிலும் இதே சிக்கல் உண்டு. நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னரே றகரம் வரும். ஆனால் யுனிகோடு எண்வரிசையில் றகரம் முந்தி நிற்கின்றது. ஆதலின் எண்ணை மட்டும் நோக்கி இயங்கும் எளிய நிரல், றஹீமாவை வசந்திக்கு முன்னே நிறுத்தும். அகராதி முறையோ வசந்திக்குப் பின்னரே றஹீமாவைக் கேட்கும். மொழியின் முறையறிந்து வரிசைப்படுத்தும் கட்டளைகள் தனியே உள்ளன. ஆனால் அவற்றைத் தேடிப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம், தமிழ்ப் பெயர்ப் பட்டியலைக் கண்ணால் வாசிக்க வல்ல ஒருவருக்கே தோன்றும். தமிழ் அறியாத நிபுணர் எத்துணைத் திறமையுடையவராயினும் இப்பிழை அவர் கண்ணிற் படாது. நம் பிள்ளைகள் இப்பாடத்தைக் கற்பதால் அவர்களுக்கு ஊதியம் கிடைக்கலாம். நம் பெயர்களுக்கோ பாதுகாப்புக் கிடைக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத்தைப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் உலகெங்குமுள்ளோர் வாசிக்கும்படி அது சேர்த்து வைத்திருக்கின்றது. அத்தளத்தைத் தாங்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருள், நம் மாணவர் அறிமுகப் பாடத்திற் கற்கும் அதே பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டதே.

இஃது இவ்வாறிருக்க, பயிற்றுமொழி பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நம் பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரத்திலேயே எச்.ரி.எம்.எல். அறிமுகத்தைத் தமிழிற் கற்கின்றனர். உயர்தரத்தில் இப்பாடத்தை எடுப்போர் பி.எச்.பி., தரவுத்தளம் வரை தமிழிலேயே செல்கின்றனர். பல்கலைக்கழகத்திலோ விரிவுரையும் வினாத்தாளும் ஆங்கிலம். இவ்விடத்தில் மாணவர் செய்வது யாது? தமிழில் விளங்கியதை மறந்துவிட்டு, ஆங்கிலத்தில் விளங்காததை மனனஞ் செய்கின்றனர். இது வீண் பிரயாசை. ஆங்கிலத்திற் கற்பது தடையன்று. விளங்காது ஒப்புவிப்பதே தடை. கொப்பியொன்றின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கத்தில் நிரலின் ஒவ்வொரு வரியையும், வலப்பக்கத்தில் அவ்வரி செய்வது யாதென்பதைத் தமிழில் ஒரு வாக்கியமாகவும் எழுதுங்கள். வலப்பக்கம் வெறுமையாக விடப்பட்ட வரியே நீங்கள் கற்க வேண்டிய வரி. அதனைக் கண்டபின் ஆங்கில நூலைத் திறப்பின், தேடவேண்டியது எது என்பது தெரிந்திருக்கும்.

"கணினியே எழுதித் தருகிறதாமே?" என்ற கேள்விக்கு இப்போது விடை கூறுதல் எளிது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தது முதல், வேண்டிய நிரலைச் சொன்னமாத்திரத்தில் எழுதித் தரும் கருவிகள் பெருகிவிட்டன. அவை தருவது பல வேளைகளிற் சரியாகவும் இருக்கின்றது. சில வேளைகளிற் பிழையாகவும் இருக்கின்றது. இரண்டும் ஒரே மிடுக்கோடு வருகின்றன என்பதே இடர். 23 ஏன் வந்தது என்று அறியாதவருக்கு எது சரி, எது பிழை என்று எவ்வாறு தெரியும்? புத்தளம் புள்ளியிழந்து நிற்பதை யார் காண்பார்? கணக்குப் பொறி வந்த பின்னரும் வாய்பாடு தெரிந்தவரையே கடைக்காரர் கல்லாவில் இருத்துகின்றார். அது போலவே, எழுதித் தரும் கருவி வந்தபின், எழுதியதை வாசித்து நிறுக்க வல்லவரின் தேவை கூடியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை. முதலில் தாமே எழுதிப் பார்த்துவிட்டு, பின்னர் அக்கருவியிடம் காட்டி 'இதில் குறை யாது?' என்று கேட்கும் மாணவருக்கு அது நல்ல தோழன். முதலிலேயே அதனிடம் எழுதி வாங்குவோருக்கோ அது கைத்தடி. பரீட்சை மண்டபத்தின் வாசலில் அதனை வைத்துவிட்டே உள்ளே செல்லுதல் வேண்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். இப்படிப்புக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. பழைய கணினியொன்றும், எழுத்தை மட்டும் பதியும் எளிய செயலியும், ஓர் உலாவியும் தொடக்கத்துக்குப் போதும். பக்கங்களைத் தன் கணினியிலேயே சேமித்துத் திறந்து பார்க்கலாமாதலின், நாள் முழுதும் இணைய இணைப்பும் வேண்டியதில்லை. சேவையகத்தையும் தரவுத்தளத்தையும் வீட்டுக் கணினிக்குள்ளேயே அமைத்துத் தரும் சாம்ப் போன்ற இலவச மென்பொருள்களும் உள்ளன. ஆனால் கைத்தொலைபேசி ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு 'படி' என்று சொல்வது, கரைவலை இழுக்கப் போகிறவரின் கையில் தூண்டில் ஒன்றைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நாடு முழுவதற்கும் மின்சாரம் அனுப்பும் நுரைச்சோலை நிலையத்தைத் தன்னகத்தே கொண்ட கரை இது. இக்கரைப் பிள்ளைக்கு இரவில் இரண்டு மணி நேரம் விளக்கும், கணினியும், தொல்லையற்ற ஒரு மூலையும் கொடுத்தல் நம்மால் ஆகாத காரியமன்று.

இன்னொன்று. மூன்று மாதத்தில் நிரலாளராக்கி வெளிநாட்டு உத்தியோகமும் பெற்றுத் தருவோம் என்று விளம்பரஞ் செய்யும் வகுப்புகளைக் கண்டு மயங்க வேண்டாம். சேருமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சான்றிதழ் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிள்ளை தன் கையால் எழுதிப் பழக இடமுண்டு? இரண்டுக்கும் தெளிவான விடை வராவிடின் திரும்பிவிடுங்கள். நுழைவுத் தகுதிகளையும் கட்டணங்களையும் இடைத்தரகரிடமன்றிப் பல்கலைக்கழகத்திடமே கேட்டறிதல் வேண்டும். பணஞ் செலவிடுமுன் பிள்ளைக்கு இத்துறையில் விருப்பமுண்டா என்று அறிய விரும்புவோருக்கும் வழியுண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் அண்மைய ஆண்டுகளில், வலை வடிவமைப்பின் அரிச்சுவடி தொடங்கிச் சேவையக நிரலாக்கம் வரையிலான பாடங்களை இணையவழியாக இலவசமாகத் திறந்து வைத்தது. அத்தகைய பாடமொன்றை ஒரு மாதம் பயின்று பார்த்தபின் முடிவு செய்யலாம். ஆழமறிந்து காலை விடுவதே கடலோரத்தாருக்குப் பழகிய அறிவு.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகின்றேன். இவ்வாரம் உங்கள் ஊரைப் பற்றி ஒரு வலைப்பக்கம் எழுதுங்கள். பிறர் எழுதியதைப் பார்த்துப் பிரதி பண்ண வேண்டாம். கருவியிடம் எழுதி வாங்கவும் வேண்டாம். ஒரு தலைப்பு, இரண்டு பந்தி, ஊரில் விளையும் பொருள்களின் பட்டியல் ஒன்று, ஒரு படம், ஓர் இணைப்பு, இவ்வளவு போதும். மொழி தமிழ் என்பதைப் பக்கத்தின் தொடக்கத்திலேயே குறித்து வையுங்கள். படம் எதைக் காட்டுகின்றது என்பதையும் எழுத்தால் எழுதி வையுங்கள். கண்பார்வையற்ற ஒருவரின் கணினி அதனை அவருக்கு வாசித்துச் சொல்லும். எழுதி முடித்ததும், அதிலுள்ள ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கின்றது என்று வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். அவர் கணினி அறியாதவராயிருந்தால் இன்னும் நன்று, விளங்காத இடத்தில் உடனே "அதென்ன, பிள்ளை?" என்று கேட்டுவிடுவார். அவருக்கு நீங்கள் சொல்லும் விடை தடுமாறுமாயின், அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். தடுமாறாவிடின், பல்கலைக்கழகப் பாடத்தின் முதற்படியில் உறுதியாகக் காலை ஊன்றிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.